ஒருவரும் படுக்காத கட்டில்

அன்ரி என்று நாங்கள் கூப்பிட்டவரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா என்று இன்னொருவரிடம் கொடுத்து வாசிப்பித்துப் பார்ப்பார். அந்த அவமானம் எனக்கு ஒருமுறை போதும்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போன முதல் ஆள் நான். அப்பா ஊரில், தீவில், மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். நோர்வேஜிய மொழியில் கடிதம் வந்தால் வீட்டில் நான்தான் வாசிப்பேன். அந்தச் செய்தி ஒஸ்லோவில் நாங்கள் இருந்த ஸ்டோவ்னர் மாடி வீடுகள் முழுக்கப் பரவி, மற்றத் தமிழ்ச் சனமும் கடிதங்களோடு வரத் தொடங்கியது. அன்ரியும் ஒரு கடிதம் கொண்டுவந்தார். வாசித்துத் தமிழில் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார், ஒரு தோடம்பழம் தந்தார், போனார்.

அடுத்த நாள் வகுப்பில் டிலானி சொன்னாள்: "நேற்று அன்ரி எங்கடை வீட்டுக்கும் வந்தவ. அதே கடிதம். நீ சொன்னதும் நான் சொன்னதும் ஒண்டோ எண்டு பாக்கிறதுக்கு."

"ஒண்டோ?"

"இல்லை. உன்ரை திகதி பிழையாம்."

திகதி பிழையில்லை. பிழைவிட்டது டிலானி. அதைக் கண்டுபிடிக்க அன்ரி மூன்றாவதாக ஒரு பிள்ளையிடமும் போயிருந்தார் என்று பிறகு தெரியவந்தது. ஆனால் நான் சரியாகத்தான் வாசித்தேன் என்று என்னிடம் வந்து அவர் சொல்லவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்ரி நகர மையத்தில் ஒரு ஹோட்டலில் இருபத்திரண்டு வருடம் அறை துப்புரவு செய்தவர். அந்த வேலை அவரை அப்படி ஆக்கியதா, அப்படியானவர் என்பதால் அந்த வேலை அவருக்கு ஒத்துவந்ததா, தெரியாது. ஒரு அறைக்குள் வந்தால் முதலில் மூக்கால் பார்ப்பார். பிறகு வலது கைச் சுட்டுவிரலை மடித்து, அதன் முட்டியால் எதையாவது தட்டுவார். கதவு, மேசை, தர்ப்பூசணி, குழந்தையின் முதுகு, எதுவானாலும் சரி. விருந்தில் ஆட்டிறைச்சி என்று சொல்லிப் பரிமாறினால், ஒரு எலும்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். பஸ் தரிப்பில் 'இரண்டு நிமிடம்' என்று பலகை காட்டினால், அதை நம்பாமல் வளைவு வரைக்கும் நடந்துபோய் எட்டிப் பார்ப்பார். சிலவேளை அதனாலேயே பஸ்ஸை விட்டுவிடுவார். அப்போதும், "நான் சொன்னனான். அது பொய்ப் பலகை" என்பார்.

புனிதர்களில் அவருக்குப் பிடித்தவர் தோமையார். உயிர்த்த ஆண்டவரின் காயத்தில் விரலை வைத்துப் பார்த்தால்தான் நம்புவேன் என்று நின்றவர்.

"எல்லாரும் அந்த மனிசனை ஏசுகினம். ஆண்டவர் ஏசினவரோ? வா, விரலை வை எண்டுதானே சொன்னவர்."

"காணாமல் நம்புறவன் பாக்கியவான் எண்டும் சொன்னவர் அன்ரி," என்றேன் ஒருநாள்.

"அது பிறகு. முதல் விரலை வைக்க விட்டவர்."

இப்படிப்பட்ட ஒருவரின் கையில்தான் அந்தப் பட்டியல் இருந்தது.

ஒக்டோபர் செபமாலை மாதம். ஸ்டோவ்னர் இருக்கிற பள்ளத்தாக்கின் இரண்டு பக்கத்திலும் உள்ள தமிழ்க் கத்தோலிக்க வீடுகளுக்கு மாதாவின் சொரூபம் ஒரு நாளைக்கு ஒரு வீடாகப் போகும். மாலை ஏழு மணிக்கு, முதல் நாள் வைத்திருந்த வீட்டார் அதைக் காரில் ஏற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். செபமாலை சொல்லி, மாதா பாட்டுப் பாடி, அந்த வீட்டாருக்காகச் செபித்து, அவித்த கடலையும் பால் விடாத பிளேன்ரியுமாக முடியும். எந்த நாள் எந்த வீடு என்பதை அன்ரி ஒரு நீலக் கொப்பியில் எழுதி வைத்திருப்பார். பட்டியலில் ஏறிய வீட்டுக்கு முன்கூட்டியே ஒருமுறை வருவார். மாதாவை எங்கே வைப்பது என்று பார்ப்பதற்காம். மாதா நிற்கிற இடத்துக்கும் குளியலறை அலுமாரிக்கும் என்ன தொடர்பு என்று ஒருவரும் அவரைக் கேட்டதில்லை.

பூசையில் நான் நன்மை, அதாவது நற்கருணை, எடுக்காததை முதலில் கண்டவரும் அவர்தான். என் தோழி அபியோடு எனக்கு இருப்பது என்ன என்று எனக்கே தெளிவான நாளிலிருந்து, பூசையில் பின் வாங்கில் இருக்கத் தொடங்கினேன். எல்லாரும் எழுந்து வரிசையாகப் போகும்போது நான் எழும்ப மாட்டேன். கடவுளோடு எனக்குச் சண்டை இல்லை. அவருடைய வீட்டில் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு கை நீட்ட என் ரோசம் விடவில்லை, அவ்வளவுதான்.

கோயில் வாசலில் அன்ரி மறித்தார். "பிள்ளை, மூண்டு மாசமா நன்மை எடுக்கேல்லை."

"தடிமன் அன்ரி. மற்ற ஆக்களுக்குத் தொத்திவிடும்."

"மூண்டு மாசமாத் தடிமனோ?"

சிரித்துக்கொண்டு தப்பினேன். ஆனால் அன்றிலிருந்து, அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் நான் எங்கேயும் நின்றேன்.

அபி கோவில்பட்டிக்காரி. பனிப்பாறைகள் உருகும் வேகத்தைக் கணிக்கிற ஆய்வுக்காக ஒஸ்லோ வந்தவள். நானோ கட்டடப் பொறியியலாளர். ஒரு தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். அதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். நாங்கள் இருவரும் சேர்ந்து, பள்ளத்தாக்கின் மற்றப் பக்கம், எல்லிங்ஸ்ருட்டில் மூன்றாம் மாடியில் ஒரு பழைய வீடு வாங்கினோம். அம்மாவுக்குச் சொன்னது வேறு: வீடு எனக்கு, அபி கொஞ்சக் காலம் மற்ற அறையில் இருப்பாள். அம்மா எல்லாருக்கும் போன் எடுத்து, என்னுடைய பிள்ளை வீடு வாங்கிவிட்டாள் என்று சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிப் போனார். எங்கள் பரம்பரையில் சொந்தமாக வீடு வாங்கிய முதல் ஆளும் நான்தான்.

அன்ரி அதே கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் வாங்கினேன். வேறு வீடு அந்த விலைக்குக் கிடைக்கவில்லை.

ஆகஸ்டில் அன்ரி மடு மாதா திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார். அந்த ஒரு மாதத்தில் நாங்கள் வீட்டைத் திருத்தினோம். இரண்டு சிறிய படுக்கையறைகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய தடுப்புச் சுவர். பாரம் தாங்காத சுவர் என்று நானே சரிபார்த்து, குடியிருப்புச் சங்கத்திடம் எழுத்தில் அனுமதியும் வாங்கி, இடித்தோம். ஒரே அறை, இரண்டு யன்னல், நடுவில் ஒரு பெரிய கட்டில். ஒரு தேக்குப் பலகையை நாங்களே அறுத்து, உரஞ்சி, எண்ணெய் பூசி, கூடத்தில் தட்டாக அடித்தோம். அதில் என்னுடைய மாதாவும் அபியின் முருகனும். எந்த உயரத்தில் அடிப்பது என்றுதான் சண்டை வந்தது. அபி நிலத்தில் இருந்து கும்பிடுகிறவள், நான் நின்று செபிக்கிறவள். கடைசியில் இரண்டு பேருக்கும் வசதியில்லாத ஒரு உயரத்தில் அடித்தோம்.

நவம்பர் கடைசியில் நகர மண்டபத்தில் எங்கள் இருவரின் கலியாணத்துக்கு நாள் கிடைத்தது. அம்மாவிடம் ஜூனில் சொல்வதாக இருந்தேன். பிறகு ஆகஸ்டில். பிறகு செப்டெம்பரில் அம்மா போன் எடுத்தார்.

"பிள்ளை, உன்ரை வீட்டையும் இந்த முறை லிஸ்ற்றிலை போடச் சொல்லிப்போட்டன். மாதா வரப்போறா. ஒக்டோபர் ரெண்டாம் வியாழன். அதுக்கு முதல் சனிக்கிழமை அன்ரி வந்து பாப்பா."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் வரைபடம் ஒன்று. தன்னுடைய வீட்டில் இருக்கிற ஒரு சுவர் என்னுடைய வீட்டில் இல்லை என்பதை அன்ரி கதவைத் திறந்த நிமிடமே காண்பார். ஒரு அறை, ஒரு கட்டில், இரண்டு பெண்கள். அம்மாவின் காதுக்கு அது அன்று மாலைக்குள் போய்விடும், என் வாயால் இல்லாமல்.

அதனால் நான் சுவரைத் திரும்பக் கட்டினேன்.

பட்டப்படிப்புப் படித்த ஒருத்தி செய்கிற வேலையா என்று கேட்கலாம். அபியும் அதைத்தான் கேட்டாள்.

"ஒரு சாயங்காலத்துக்காக சுவர் கட்டுறியா?"

"சனிக்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும். பிறகு கழட்டிவிடலாம். பிறகு அம்மாட்டைச் சொல்லுவன்."

"எங்க அம்மாகிட்ட நான் சொல்லிட்டேன். ஆறு மாசம் பேசல. இப்ப பார்சல்ல சாம்பார் பொடி அனுப்புறாங்க. நீ இன்னும் ஸ்க்ரூ அடிச்சிட்டிருக்க."

மரச்சட்டம், இரண்டு பக்கமும் கிப்ஸ் என்கிற ஜிப்சம் பலகை, மேலே பூச்சு. பெரிய கட்டிலை நகர்த்த இடமில்லாததால் சுவரைப் பழைய இடத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளித்தான் நிறுத்த முடிந்தது. மற்றப் பக்கத்தில் ஒடுக்கமாக ஒரு அறை வந்தது. அதில் ஒரு மடக்குக் கட்டில், புதிய விரிப்பு, தலையணை, அபியின் இரண்டு புத்தகம். அபி கடைசிப் பலகையைத் தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டே சொன்னாள்:

"நல்லா இறுக்கு. ஆனா ஒண்ணு. நவம்பர்ல இது நின்னுச்சுன்னா நான் மண்டபத்துக்கு வரமாட்டேன். நீ சுவருக்கே மாலை போட்டுக்கோ."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அன்ரி வந்தார். மடுவிலிருந்து கொண்டுவந்த மண்ணில் ஒரு சிட்டிகையைப் பொட்டலமாக என் கையில் வைத்தார். சப்பாத்தைக் கழற்றினார். மூக்கை உயர்த்தினார்.

"பெயின்ற் மணக்குது."

"கொஞ்சம் திருத்தினனாங்கள் அன்ரி."

கூடத்துத் தட்டுக்கு முன்னால் நின்றார். "மாதாவும் முருகனும் ஒரே தட்டிலை. ஆரின்ரை யோசினை?"

"என்னோடதுதான் ஆன்ட்டி," என்றாள் அபி. அவளுக்குப் பயம் என்பது கிடையாது.

அன்ரி அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். 'இந்தியாப் பிள்ளை' என்று எல்லாவற்றையும் அதில் அடக்குகிற பார்வை. பிறகு தட்டை விரல் முட்டியால் தட்டினார். "பலகை தாங்கும்" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் அறைக்குள் போனார். பெரிய கட்டிலைப் பார்த்தார். சுவரிடம் போனார். தட்டினார். கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி தட்டினார்.

"என்ரை வீட்டுச் சுவர் இப்பிடிச் சத்தம் போடாது."

"பழையது பூஞ்சணம் பிடிச்சிட்டுது அன்ரி. மாத்தினனாங்கள்."

அவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்து அப்படியே நின்றார், நோயாளியின் நெற்றியில் வைப்பதைப் போல. "ஈரம் காயேல்லை." பிறகு குதிக்காலுக்கும் விரலுக்கும் இடைவெளி இல்லாமல் அடி வைத்து அறையின் அகலத்தை அளந்தார். "தள்ளியும் நிக்குது."

மற்ற அறைக்குப் போனார். மடக்குக் கட்டிலின் விரிப்பை ஒரு மூலையில் தூக்கினார், தலையணையை ஒருமுறை அமுக்கினார், குனிந்து மணந்தார்.

"இந்தக் கட்டிலிலை ஒருத்தரும் படுக்கேல்லை."

இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் படுக்கையைத் தட்டி விரித்தவரிடம் நான் எதைச் சொல்வது? அபி என்னைப் பார்த்தாள். நான் யன்னலைப் பார்த்தேன்.

"வியாழன் ஏழு மணிக்கு மாதா வருவா," என்றார் அன்ரி சப்பாத்தைப் போட்டபடி. "கடலையை முதல் நாளே ஊறப் போடு." கதவை மூடும்போது மறுபடி ஒருமுறை உள்ளே பார்த்தார்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் அன்ரி அம்மாவின் முழங்கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனதை என் கண்ணால் கண்டேன். இரண்டு பேரும் குனிந்து கதைத்தார்கள். அம்மா ஒருமுறை நிமிர்ந்து என் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினார். அன்று பின்னேரம் நான் எடுத்த போனை அம்மா எடுக்கவில்லை. திங்கட்கிழமையும் எடுக்கவில்லை. படிக்கட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் என்னைக் கண்டு கதையை நிறுத்தியது போல இருந்தது. ரி-பான் சுரங்க ரயிலில் முன் இருக்கையில் இருந்த தமிழ் மனிதர் போனைப் பார்த்துச் சிரித்தார். அதுவும் என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை நிலவறைச் சலவை அறைக்குப் போனேன். அன்ரியின் முறை அன்று. உடுப்பை மெஷினுக்குள் போட்டுவிட்டு, மெஷின் ஓடுகிறதா என்று கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லிப்போட்டீங்கள் என்ன?" என்றேன்.

திரும்பினார். "என்ன?"

"அம்மாட்டை. நான் கண்டனான். கோயில் வாசல்லை." என் குரல் உயர்ந்தது. "நானும் அபியும் கலியாணம் கட்டினா உங்களுக்கு என்ன அன்ரி? உங்கடை வீட்டிலையோ கட்டப் போறம்? நானே சொல்லியிருப்பன். அதுக்குள்ளை உங்களுக்கு என்ன அவசரம்?"

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. முதல்முறையாக அந்த முகத்தில் ஒன்றுமே தெரியாத ஆளின் பார்வையைக் கண்டேன்.

"என்ன சொன்னனி? திரும்பச் சொல்லு."

அன்ரி ஊத்தை உடுப்புக் கூடையைக் காலால் தள்ளி வைத்தார்.

"நான் நினைச்சது, நீங்கள் ரெண்டு பேரும் ஒரு அறையிலை நெருக்கிப் படுத்துக்கொண்டு, மற்ற அறைக்குக் களவா வாடகைக்கு ஆள் எடுக்கப் போறியள் எண்டு. அதுக்குத்தான் புதுச் சுவர். அதுக்குத்தான் படுக்காத கட்டில். சங்கத்துக்குத் தெரிஞ்சா வீட்டையே விடச் சொல்லுவினம் எண்டு கொம்மாட்டைச் சொன்னனான். அவ அதிலைதான் உன்னோடை கோவம்."

ஊத்தை உடுப்புக் கூடையின் மேல் இருந்துவிட்டேன். பொய்ச் சுவரைக் கட்டியதும் நான்தான், அதை அவருக்கு முன்னால் உடைத்துப் போட்டதும் நான்தான்.

அன்ரி பக்கத்தில் வந்து நின்றார். "கலியாணமோ?"

"ஓம்."

"எப்ப?"

"நவம்பர்."

"கொம்மாக்கு எப்ப சொல்லப் போறாய்?"

"நாளைக்கு."

"உன்னை நான் நம்பேல்லை. ஜக்கெற்றைப் போடு."

உடுப்பை மெஷினிலேயே விட்டுவிட்டு என்னை வெளியே நடத்திக்கொண்டு போனார். பள்ளத்தாக்கைக் குறுக்கே கடந்து ஸ்டோவ்னருக்குப் போகிற பஸ்ஸில் யன்னல் பக்கம் என்னை இருத்தி, வெளியே போகாதபடி தான் ஓரத்தில் இருந்தார்.

"இந்த நாட்டுச் சட்டத்திலை இது உண்மையான கலியாணந்தானோ?"

"ஓம்."

"பேப்பர் குடுப்பினமோ?"

"குடுப்பினம். ஆணும் பெண்ணும் கட்டினா என்ன பேப்பரோ, அதே பேப்பர்."

"ஒராளுக்கு வருத்தம் எண்டு ஆசுப்பத்திரியிலை கிடந்தா, மற்ற ஆளை உள்ளுக்கை விடுவினமோ?"

"விடுவினம்."

"ஒராள் செத்தா வீடு?"

"மற்ற ஆளுக்கு அன்ரி."

ஒவ்வொரு பதிலையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிற மாதிரி யோசித்தார். இரண்டு தரிப்பு போனது.

"எங்கடை கோயில் சுவாமியார் பூசை வைச்சுக் கட்டி வைப்பாரோ?"

"மாட்டார்."

"அப்ப அரைக் கலியாணம்."

"எனக்கு முழுசு," என்றேன்.

அவர் பஸ்ஸை நிறுத்தும் மணியை அழுத்தினார்.

அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கண்டதும், "வாடகைக்கு விட்டிட்டியோ?" என்றார். இல்லை என்றேன். பிறகு நின்றபடியே சொன்னேன். மூன்று வசனம். பஸ்ஸில் பத்து வசனம் யோசித்து வைத்திருந்தேன்.

அம்மா கத்தியைக் கீழே வைக்கவில்லை. மீனையும் வெட்டவில்லை. பிறகு என்னைக் கேட்காமல் அன்ரியைக் கேட்டார்.

"உங்களுக்கு எப்ப தெரியும் அக்கா?"

"முக்கால் மணித்தியாலம்."

"அப்ப ஊருக்கே தெரியும்."

அன்ரிக்குக் கோபம் வந்தது. பையிலிருந்து போனை எடுத்து மேசையில் வைத்தார். "பாரும். ஆருக்காவது எடுத்தனானோ எண்டு பாரும். நேரா இஞ்சைதான் வந்தனான்."

அம்மா போனைப் பார்க்கவில்லை. "என்ரை பிள்ளை படிச்சிட்டாள், வீடு வாங்கிட்டாள் எண்டு எல்லாருக்கும் சொன்னன். இப்ப நான் என்னத்தைச் சொல்ல?" அது என்னிடமா, அன்ரியிடமா, மீனிடமா என்று தெரியவில்லை. பிறகு, "கலியாணத்துக்கு நான் வரமாட்டன்" என்றார். அது என்னிடம்தான்.

நான் நேராக நின்றேன். கெஞ்சுவது எனக்கு வராது.

அன்ரி நீலக் கொப்பியை எடுத்து விரித்தார். பேனையையும் எடுத்தார். அந்த நேரத்தில் அதைச் செய்ய உலகத்தில் அவர் ஒருவரால்தான் முடியும்.

"வியாழன் மாதா இவளின்ரை வீட்டை. நீர்தான் போடச் சொன்னனீர். வெட்டுறதோ?"

அம்மா கையைக் கழுவினார். துடைத்தார். மறுபடி கழுவினார்.

"மாதாவை வெட்டாதேங்கோ," என்றார். "மாதாவுக்கு வருவன்."

வீடு திரும்பியதும் நடந்ததை அபியிடம் சொன்னேன். அவள் ட்ரில்லை எடுத்தாள். நான் உதவிக்குப் போனேன். "நீ தொடாத. நான்தான் கழட்டுவேன்," என்றாள். ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினாள். நான் கட்டியது நல்ல சுவர். இரண்டு மணித்தியாலம் எடுத்தது.

வழக்கமாகச் செபமாலைக்கு நாற்பது பேர் வருவார்கள். அந்த வியாழக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். வாசலில் வைத்து அன்ரியைக் கேட்டேன்: "எல்லாருக்கும் சொல்லிப்போட்டீங்களோ?"

"ஓம். நேற்று. லிஸ்ற்றிலை இருக்கிற எல்லாருக்கும் போன் எடுத்தனான்." கொஞ்சமும் கூசாமல் சொன்னார். "வாற ஆக்கள் தெரிஞ்சு வரவேணும். தெரியாமல் வந்து கடலையைத் திண்டிட்டுப் பிறகு நிண்டு கதைக்கக் கூடாது."

அது உதவியா துரோகமா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. கோபத்தோடுதான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

அம்மா கடைசியாக வந்தார். கோட்டைக் கழற்றாமல் கதவோரமாக, மற்றவர்களுக்குப் பின்னால் நின்றார். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. இரண்டு யன்னலும் பெரிய கட்டிலும் அங்கிருந்தே தெரிந்தன. அம்மா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடிந்தது. அதற்குப் பிறகு வீட்டாருக்கான செபம். கொப்பியைப் பார்த்து வீட்டுத் தலைவர், தலைவி, பிள்ளைகள் என்று பெயர் வாசித்து, இந்தக் குடும்பத்தை ஆசீர்வதியும் என்று அன்ரி கேட்பார். எல்லாரும் ஆமென் சொல்வார்கள். எத்தனையோ வீட்டில் எத்தனையோ ஒக்டோபரில் கேட்டது. எங்களை என்னவென்று வாசிப்பார்? தோழி என்றா? இல்லை, என் பெயரை மட்டுமா? அபி என் பக்கத்தில் நின்றாள்.

அன்ரி சொரூபத்துக்குப் பக்கத்தில், எங்கள் எல்லாரையும் பார்த்தபடி நின்றார். கொப்பியை மூடினார். என் பெயரைச் சொன்னார். அபிராமி என்று அபியின் முழுப் பெயரையும் சொன்னார். கொஞ்சம் நிறுத்தினார். தான் தொட்டுப் பார்க்காத ஒன்றைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலும், பார்த்ததை மட்டும் சொன்னார்.

"ஒரு வீட்டிலை, ஒரு அறையிலை சீவிக்கிற இந்த ரெண்டு பிள்ளையளையும் கைவிடாதேயும் தாயே."

ஒருவர் இருமினார். நான் கண்ணை இறுக மூடினேன். ஆமென் என்று குரல்கள் வந்தன, முன்னும் பின்னுமாக, ஒன்றோடொன்று மோதி. அதற்குள் அம்மாவின் குரல் இருந்ததா என்று என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா குனிந்து தன் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

நவம்பரில் அம்மா மண்டபத்துக்கு வந்தார். தனியாக, பஸ் ஏறி, கூப்பிட்ட நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி. ஏன் மனம் மாறினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பழக்கம் இல்லை. அன்ரி வரவில்லை. "வீட்டுக்குச் செபிப்பன். சுவாமியார் இல்லாத கலியாணத்துக்கு வரமாட்டன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சொன்னபடியே நடந்தார்.

பிறகு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்து, நாட்டின் மேற்குக் கரையோரத்தில் இருக்கிற மகனோடு போய்விட்டார். பட்டியல் இப்போது வேறு ஒருவரிடம். அந்த ஆள் வீட்டைப் பார்க்க வருவதில்லை, குறுஞ்செய்தியில் திகதியை அனுப்புகிறார். போன வருடம் அன்ரியின் பிறந்தநாளுக்குப் போன் எடுத்தேன். நான் நான்தான் என்று உறுதிப்படுத்த அவர் மூன்று கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு, இவ்வளவு காலமும் உள்ளே கிடந்ததைக் கேட்டேன்.

"அன்ரி, அண்டைக்குச் செபத்திலை அம்மா ஆமென் சொன்னவவோ?"

"நீயும் அங்கைதானே நிண்டனி."

"நான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான்."

"ஏன் மூடினனி?"

பயத்தில் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "பக்தியிலை," என்றேன்.

"பொய்," என்று சொல்லிவிட்டு அன்ரி போனை வைத்தார்.